இடப்பக்கக் கதவு

அத்தியாயம் பதினொன்று

மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற வாரம் நான் நிறுத்திய இடம் அப்படி. கோணேசர் கோயிலிலிருந்து திரும்பும்போது கோட்டைக்குள் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. கனகரத்தினம் காரை வெட்டித் திருப்பினார். முன்பக்கத்து இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்த ஆசனத்தில் இருந்த அவருடைய மனைவி அன்னலட்சுமியின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. அந்த இடத்தில் பேனாவை மூடியதற்காக இரண்டு பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசினார்கள்.

பின்னால் இருந்த மகள் லோஜினி அம்மாவின் தோளையும் சேலையையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். சேலைத் தலைப்புக் கிழிந்தது. முழங்கையில் கொஞ்சம் தோல் போனது. மான் திரும்பவும் புல் மேயப் போய்விட்டது.

வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது.

இன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் காலை லோஜினி கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். அயர்லாந்தில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வளைகுடாப் பக்கம் தம்மாமில் ஒரு வேலை கிடைத்து, அவள் பெட்டி கட்டிய வாரத்தில்தான் கனகரத்தினத்துக்கு நெஞ்சுவலி வந்தது. பெட்டியை அவிழ்த்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "பரவாயில்லை அப்பா" என்று ஒரே தரம் சொன்னாள். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. இப்போது முப்பத்திரண்டு வயது. இந்த முறையும் ஏதாவது குறுக்கே வந்தால் அவள் இனி ஓரிடத்துக்கும் விண்ணப்பம் போடமாட்டாள் என்பது அன்னலட்சுமிக்குத் தெரியும். ஆகவே கொஞ்ச மாதமாய் அன்னலட்சுமி ஒரு தும்மலைக்கூட முந்தானைக்குள் மறைத்துத்தான் தும்மினாள்.

காலை ஆறரை மணியிலிருந்து கனகரத்தினம் முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கச்சான் என்கிற மேற்குக் காற்று விடியவே கிளம்பிவிட்டது. பாலையூற்றுப் புழுதி முழுவதும் அவருடைய கண்ணைத் தேடி வந்ததுபோல் இருந்தது. வேலிப் படலை ஓயாமல் அடித்தது. கையில் ஸ்பானர் சாவி நிற்கவில்லை.

துறைமுகத்து இழுவைப் படகில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் ட்ரைவராக இருந்தவர் அவர். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன வித்தியாசம் கேட்டால் சோற்றில் வைத்த கையோடு எழுந்து போவார். அப்படிப்பட்ட மனிதருடைய சொந்தக் காரில், சொந்த மனைவி இருக்கும்போது, கதவு கழன்று திறக்கிறதென்றால் அவர் எந்த முகத்தோடு துறைமுகத்துப் பக்கம் போவார்?

கார் ஒரு வெள்ளைச் சன்னி. முப்பத்தெட்டு வயது. அதன் இடப்பக்கக் கதவு ஆறேழு மாதமாய்ப் பின்பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. சாத்துவதென்றால் கைபிடியில் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி கொடுக்க வேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் அது பழகிவிட்டது. வெளியாட்கள் யாரும் ஏறினால், "தூக்கிச் சாத்துங்கோ" என்று மூவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

கதவு வந்து மாட்டும் இரும்புக் கொண்டி காரின் தூணில் இருக்கிறதல்லவா, கதவு இறங்க இறங்க கனகரத்தினம் அதையும் இறக்கி இறக்கிப் பூட்டினார். இன்றைக்கும் அதைத்தான் செய்தார். இனி இறக்க இடமில்லை. கதவின் அடி, கீழ்ப் படி இரும்பில் உரசிக்கொண்டு நின்றது.

அன்னலட்சுமி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ," என்றாள். "நான் கட்டுநாயக்கவுக்கு வரேல்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில நான் இனி இருக்கமாட்டன்."

"அப்ப பின்னால இருங்கோ அம்மா," என்றாள் குசினிக்குள்ளிருந்து லோஜினி.

"பின்னாலயும் இருக்கமாட்டன்."

"வான் பிடிப்பம்."

"வானில போனா எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

லோஜினி தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ரெண்டு வருசத்துக்குப் போறன். வழியனுப்ப வரமாட்டியளே?"

அன்னலட்சுமி காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படலையைப் பார்த்தாள்.

கனகரத்தினத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குற்றவாளி தானென்று தெரிந்த ஆளுக்கு வரும் கோபம் அது. "நீர் அடிச்சு அடிச்சுச் சாத்தித்தான் இந்தக் கதவு இப்பிடிப் போனது. ஆறு மாசமாச் சொல்லுறன், மெல்லச் சாத்தும், மெல்லச் சாத்தும் எண்டு. கேட்டனீரே?"

"ஓம். என்னிலதான் பிழை," என்றாள் அன்னலட்சுமி.

பத்து வாரமாய் இந்தக் குடும்பத்தோடு பழகிய உங்களுக்கு இதைக் கேட்டுச் சந்தேகம் வந்திருக்கும். அன்னலட்சுமி ஒரு குற்றத்தை வாங்கினால் இரண்டைத் திருப்பிக் கொடுக்காமல் விட்ட நாளே கிடையாது. உவர்மலை மாதர் சங்கத்துத் தையல் வகுப்பில் இருபது பெண்பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்குகிற மனுஷி அவள். ஆனால் இந்தக் கதவு விஷயத்தில் மட்டும் ஆறு மாதமாக "ஓம்" என்றே சொல்லி வந்தாள். வீட்டில் இருந்த இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"நான் அஸாமிட்டக் கொண்டுபோறன்," என்று எழுந்தார் கனகரத்தினம். "கதவு சரிவந்தா நீர் வரவேணும். சரியே?"

"முதல்ல சரிவரட்டும்."

* * *

அஸாமின் கராஜ் உட்துறைமுக வீதியில் இருக்கிறது. மூதூர்க்காரர். கையில் எடுத்த வேலையைப் பற்றி மட்டும் கதைக்கிற ஆள். அதனாலேயே கனகரத்தினத்துக்கு அவரைப் பிடிக்கும். இன்றைக்கு அந்தக் குணமே வினையாகப் போகிறதென்று கனகரத்தினத்துக்குத் தெரியாது.

மான் கதையைக் கேட்டுக்கொண்டே அஸாம் கதவைத் திறந்தார், சாத்தினார். மீண்டும் திறந்து, தூணைத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"ஆரு கனகண்ணன் இந்தக் கொண்டிய இறக்கினது?"

"நான்தான்."

"எத்தின தரம்?"

"ஒருக்கா ரெண்டுதரம்..."

"நாலு தரம்." பெயின்றில் கொண்டி முன்பு இருந்த அடையாளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. "கதவு இறங்கினாக் கதவைத்தானே தூக்கணும்? நீங்க வாசலை இறக்கிப்போட்டு இருந்திருக்கீங்க. கொண்டி அரைவாசிதான் பிடிச்சிருக்கு. வெட்டித் திருப்பக்குள்ள கழராம என்ன செய்யும்?"

கனகரத்தினம் கழுத்தைச் சொறிந்தார். எஞ்சின் அறையில் யாராவது ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் அவனை அவர் அன்றே கடலில் தள்ளியிருப்பார்.

அந்த நேரம் லோஜினியின் ஸ்கூட்டி வந்து நின்றது. பெரியாஸ்பத்திரியில் கடைசியாக ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள், காரைக் கண்டு நிறுத்தினாள். அஸாமின் உம்மாவை முன்பு அவள் வார்ட்டில்தான் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, தாதிமாரைக் கூப்பிடுகிற மாதிரி, அஸாமுக்கு அவள் மிஸிதான்.

"வாங்க மிஸி. பயணம் எப்ப?"

"நாளையிண்டைக்கு. கதவு சரிவருமே?"

"வருத்தம் என்னெண்டு பாத்தாத்தானே மருந்து," என்று சொல்லி அஸாம் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். அதன் பின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். டொக் என்று சத்தம் வந்தது. விட்டார். மீண்டும் டொக்.

"அண்ணன், நான் தூக்கிறன், நீங்க பிணைச்சலைப் பாருங்க. மேல இருக்கிறதையும் கீழ இருக்கிறதையும்."

கதவைத் தூணோடு பிணைத்திருக்கும் இரண்டு பிணைச்சல்களையும் கனகரத்தினம் குனிந்து பார்த்தார். கீழே உள்ளது அசையவில்லை. மேலே உள்ளதில், இரண்டு இரும்பையும் கோத்திருக்கும் ஊசி ஓட்டைக்குள்ளேயே ஏறி இறங்கியது.

"மேல் பிணைச்சல்தான் போயிட்டுது."

"அது மட்டுமில்ல. தூண் தகரத்தைப் பாருங்க. வெளியால இழுபட்டு வெடிச்சிருக்கு." அஸாம் விரலால் அந்த இடத்தைத் தடவிக் காட்டினார்.

"முப்பத்தெட்டு வருசக் கார். வயசுதானே," என்றார் கனகரத்தினம்.

அஸாம் காரைச் சுற்றிப் போய், ட்ரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து தூக்கினார். சத்தமே வரவில்லை.

"இதுக்கும் அதே வயசுதான். ஒரு நாளைக்கு எத்தின தரம் திறக்கிறீங்க? வயசால போறதெண்டா இதெல்லோ முதல்ல போகணும்?"

"அடிச்சுச் சாத்தினாலும் போகும்தானே?"

"அடிச்சுச் சாத்தினாப் பூட்டும் கொண்டியும்தான் அடிபடும். மேல் பிணைச்சல் மட்டும் இப்பிடி வெளியால வராது. இது பாரம் அண்ணன். கதவு திறந்து நிக்கக்குள்ள ஆரோ தொங்கியிருக்காங்க. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, மாசக்கணக்கா."

கனகரத்தினம் சிரித்துவிட்டார். "எங்கட வீட்டில குரங்கு வளர்க்கேல்லை அஸாம்."

அஸாம் சிரிக்கவில்லை. கண்ணாடி இறங்கும் விளிம்பைக் காட்டினார். அங்கே ஓரிடத்தில் மட்டும் கறுப்பு ரப்பர் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. அதற்கு வெளியே, நான்கு விரல் அகலத்துக்குப் பெயின்ற் தேய்ந்து மினுங்கியது.

"பாருங்க, இப்பிடி." அவர் ஆசனத்தில் ஏறி இருந்து, காலை வெளியே போட்டுத் திரும்பினார். வலது கையால் அந்த இடத்தைப் பிடித்தார். உடம்பு முழுவதையும் கதவில் போட்டு, தம் பிடித்து, எழுந்து நின்றார். "சும்மா எழும்புற ஆக்கள் பிடிக்கிறது வேற. இது காலால எழும்ப ஏலாத ஆள் பிடிக்கிற பிடி."

லோஜினியின் கையிலிருந்த கடித உறை மடங்கியது.

அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாய்க் கட்டில் கம்பியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கிற பிடி. நூறு பேருக்கு, "அம்மா, அப்பிடி இழுக்கப்படாது, நான் பிடிக்கிறன்" என்று சொல்லியிருக்கிறாள். தன் வீட்டுக் காருக்குப் பின் ஆசனத்தில் இருந்துகொண்டு, முன்னால் இருக்கிற தலையைத்தான் பார்த்திருக்கிறாள். இறங்கியதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் போயிருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"அப்பா, அம்மா ஏன் எப்பவும் அந்தக் கண்ணாடியை இறக்கி வைச்சிருக்கிறவ?"

"காத்து வேணுமாம்."

"தை மாசத்து மழைக்குள்ளயுமே?"

கனகரத்தினம் அந்த ஆசனத்தைத் தடவிப் பார்த்தார். மழையில் நனைந்த ஆசனத்துக்காகவும் அவர் மனைவியை ஏசியிருந்தார்.

"காலால மிதிக்கிற தையல் மிசினுக்கு மோட்டர் பூட்டச் சொல்லிக் கேட்டதும் தையிலதானே," என்றாள் லோஜினி. அவள் அப்பாவின் பதிலுக்கு நிற்கவில்லை. ஹெல்மெட்டின் பட்டியைக்கூடக் கொழுவாமல் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

கனகரத்தினமும் அவளோடு ஓடத்தான் பார்த்தார். ஆனால் அஸாம் கதவுக்குக் கீழே சாக்கும் பலகையும் வைத்து ஜக்கை ஏற்றிவிட்டார். "அண்ணன், பிடியுங்க. ஊசியை அடிக்கப்போறன். விட்டுட்டாக் கதவு என்ர காலிலதான் விழும்."

அவர் பிடித்தார். அஸாம் கீழிருந்து மேலாகச் சுத்தியலால் அடிக்க, ஊசி துள்ளி விழுந்தது. நடுவில் தேய்ந்து இடுப்புச் சிறுத்திருந்தது. அந்த ஊசியைப் பார்க்கப் பார்க்கத் தான் ஏசியதெல்லாம் அவருக்கு நினைவு வந்தது. மெல்லச் சாத்தும். காது கேக்காதே? கதவென்ன உம்மட எதிரியே? சந்தையடியில், கோயில் வாசலில், ஒருநாள் அவளுடைய மாணவிகளுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அவள் ஓம் என்றாள்.

பக்கத்து லேத்துப் பட்டறையில் புதுப் பித்தளை வளையமும் ஊசியும் கடைந்து வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. தூண் வெடிப்புக்கு வெல்டிங் வைத்தார்கள். கதவைத் திரும்ப ஏற்றி, சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக வரும்வரை அஸாம் பிணைச்சலை இளக்கியும் இறுக்கியும் பார்த்தார். கடைசியில் கொண்டியை அதன் முதலாவது அடையாளத்துக்குத் தூக்கிப் பூட்டினார். கனகரத்தினம் இதற்கிடையில் பதினைந்து தரமாவது வீதிக்குப் போய் வந்திருப்பார். வீதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காற்றும் ஒரு சீமெந்து லொறியும்தான்.

"ரெண்டு விரலால சாத்துங்க," என்றார் அஸாம்.

சடக்.

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். வேறொரு நாளென்றால் அவர் அஸாமைக் கட்டிப்பிடித்திருப்பார்.

* * *

அன்னலட்சுமி வீட்டு மண்டபத்தில் கதிரையில் இருந்தபடி, மகளுக்குக் கொடுத்துவிட மிளகாய்த்தூளைப் பொலித்தீன் பைகளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

லோஜினி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, எழும்புங்கோ."

"என்னத்துக்கு?"

"எழும்புங்கோவன்."

"இந்தத் தூளைக் கட்டி முடிச்சிட்டு..."

"ரெண்டு கையையும் நெஞ்சில கட்டிக்கொண்டு எழும்புங்கோ. கதிரையைப் பிடிக்கப்படாது."

அது மகளின் குரல் இல்லை, வார்ட்டுக் குரல். அன்னலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு என்ன விசரே?" என்று கேட்டாள். கேள்வியில் உறைப்பு இல்லை. மகள் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, தையல் ரீச்சருக்கே உரிய வீம்போடு கையைக் கட்டினாள். முன்னால் குனிந்தாள். நான்கு அங்குலம் எழும்பியிருப்பாள். தொடை நடுங்கியது. தொப்பென்று கதிரையில் விழுந்தாள். மடியிலிருந்த பை உருண்டு, தூள் நிலமெல்லாம் கொட்டியது.

இருவரும் தும்மினார்கள். ஒருவர் மாறி ஒருவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை தும்மினார்கள். அந்தத் தண்ணீரில் எவ்வளவு மிளகாய், எவ்வளவு மிளகாய் இல்லை என்று எனக்கும் தெரியாது.

"எப்ப தொட்டு?" என்று கேட்டாள் லோஜினி.

"தைப்பொங்கலுக்குப் பிறகு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ இண்டர்வியூவுக்குப் படிச்சுக்கொண்டிருந்தனீ."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு உனக்கு விசா வந்திட்டுது."

"அம்மா!"

"சொன்னா நீ நிண்டிருப்பாய்."

"நிண்டிருப்பன்தான்."

"அதுதான் சொல்லேல்லை."

லோஜினி நிலத்தில், கொட்டிய தூளுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். அவளுடைய கோபம் யார் மேலென்று அவளுக்கே பிடிபடவில்லை. "நாள் முழுக்க மற்றவையின்ர அம்மாமாரைத் தூக்கி இருத்திப்போட்டு வாறன். நீங்கள் கார்க் கதவில தொங்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள்."

"வீட்டில அப்பா வாசல் நிலையைப் பெரிசாச் செய்விச்சது நல்லதாப் போச்சு. பிடிக்க வசதி," என்று அன்னலட்சுமி பகிடி விட்டுப் பார்த்தாள். அது எடுபடவில்லை. "வியாழக்கிழமை கட்டுநாயக்கவில உனக்கு முன்னால நான் எப்பிடி இறங்கிறது? அதுதான் வரேல்லை எண்டனான். கதவுக்குப் பயத்தில இல்லை."

"எந்தக் கால்?"

"வலது கூட. இடது பரவாயில்லை."

"முழங்காலுக்குள்ள வலிக்குதே?"

"வலி ஒண்டும் இல்லை. வலிச்சாத்தானே வருத்தம்? நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. நீ போனாப் பிறகு டொக்டரிட்டக் காட்டுவம் எண்டு இருந்தனான்."

வலி இல்லை என்ற பதில் லோஜினிக்குப் பிடிக்கவில்லை; வலி தெரியாமல் பலம் போகிறதென்றால் அது மூட்டாக இராது, நரம்பாக இருக்கும். அவள் கைப்பேசியை எடுத்தாள். கொழும்பில் ஏஜென்சி அலுவலகம் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும். டிக்கெட்டை மாற்ற முடியாவிட்டால் வேலையும் போய்விடும். அங்கே அந்த இடத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடமாய் அவள் விரும்பிய ஒரே விஷயம் அது. விரல் இலக்கத்தின் மேல் நின்றது.

"போனை வை," என்றாள் அன்னலட்சுமி.

"அம்மா, இது விளையாட்டில்லை."

"எனக்கும் இல்லை. நீ போகாட்டி நான் டொக்டரிட்டயும் போகமாட்டன். இந்தக் கதிரையிலயே இருப்பன். உன்ர கொப்பருக்கு நெஞ்சுவலி எண்டு ஒருக்கா நிண்டாய். எனக்குக் கால் எண்டு இன்னொருக்கா நிக்க விடமாட்டன். எங்கட வருத்தத்தைப் பாத்துப் பாத்து நீ கிழவியாகிறதைப் பாக்க எனக்கு ஏலாது, பிள்ளை."

லோஜினி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். எடுக்கவும் இல்லை, எடுக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

இரண்டு மணி தாண்டிய பிறகுதான் படலை திறக்கும் சத்தம் கேட்டது. கார் முற்றத்துக்குள் வந்து நின்றது.

கனகரத்தினம் செருப்பைக் கழற்றாமலே மண்டபத்துக்குள் வந்தார். கொட்டிக் கிடந்த மிளகாய்த்தூளையும் நிலத்தில் இருந்த மகளையும் பார்த்தார். கேட்க வேண்டியதில்லை என்று விளங்கியது.

"கதவு சரியே?" என்றாள் அன்னலட்சுமி.

"சரி." அவர் மற்றக் கதிரையின் நுனியில் இருந்தார். கையில் கிரீஸ். எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு இருந்தார். "ஆறு மாசமா உமக்கு ஏசினனான்."

"ஓம்."

"சனத்துக்கு முன்னாலயும் ஏசினனான்."

"ஓம்."

"நான் அடிச்சுச் சாத்தேல்லை எண்டு ஒருநாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அன்னம்?"

"சொன்னா, அப்ப என்னத்தால எண்டு நீங்கள் பாப்பியள்," என்றாள் அன்னலட்சுமி. "ஏசிக்கொண்டிருக்கிற மட்டும் நீங்கள் ஒண்டையும் பாக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் அழுதார் என்று எழுதினால் கனகரத்தினம் என்னோடு சண்டைக்கு வருவார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார், அதுவரைக்கும் எழுதலாம். முப்பத்தைந்து வருடத்தில் தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்த ஒருத்தியைத் தான் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவளுக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சரி, சரி. கதவைக் காட்டுங்கோ, பாப்பம்," என்றாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள். "பிள்ளை, பிடி."

ஆறு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி. லோஜினி எழுந்து, வார்ட்டில் பழகிய மாதிரியே அம்மாவின் கைகளுக்குக் கீழே கை கொடுத்து, இடுப்பை அணைத்துத் தூக்கினாள். அம்மா இவ்வளவு பாரம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

* * *

பகல் இரண்டரை மணி. முற்றத்துச் சீமெந்து கொதித்தது. வாசலில் அன்னலட்சுமி தன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மகளின் தோளைப் பிடித்தபடி காருக்கு நடந்தாள். கொஞ்சத் தூரம் போனதும், "விடு, நான் நடக்கிறன்" என்று கையை எடுத்துக்கொண்டாள். கனகரத்தினம் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் முதுகைக் காட்டி ஆசனத்தில் அமர்ந்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். அவர் சுற்றிப்போய் ட்ரைவர் ஆசனத்தில் ஏறினார்.

"சாத்தும் பாப்பம். ரெண்டு விரல் காணும்."

அவள் இரண்டு விரலால் இழுத்தாள். சடக்.

"எப்பிடி?"

"கடவுளே, புதுக்கார் மாதிரி!"

கறுப்பு அப்பிய முகத்தோடு கனகரத்தினம் சிரித்தார். அவளும் சிரித்தாள். "அப்ப வியாழக்கிழமை வருவீர்தானே? நான் இறக்கிவிடுறன். கதவில பிடிக்கத் தேவையில்லை."

"வராமல்? மூண்டு பேரும்தான் போறம். நாங்கள் ரெண்டு பேரும் திரும்பி வாறம்."

லோஜினி அவர்களோடு சிரிக்கவில்லை. வாசலுக்கும் காருக்கும் நடுவில் அவள் நின்ற இடத்தில், அவளுக்கு முன்னால் ஒரு ரப்பர் செருப்புக் கிடந்தது. வலது கால் செருப்பு. குனிந்து எடுத்தாள். விரல் நிலத்தில் பட்டதும் சுட்டுக் கையை உதறினாள். அங்கிருந்து கார்வரைக்கும் ஆறு ஏழு அடி. அம்மா அந்தச் சூட்டில் வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறாள். நின்றுகூடப் பார்க்கவில்லை.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இடப்பக்கத்துக் கண்ணாடி அருகே வந்தாள்.

"அம்மா, உங்கட வலக்கால் செருப்பு எங்க?"

"இதென்ன கேள்வி? காலிலதான்," என்றாள் அன்னலட்சுமி, குனிந்து பார்க்காமலே.

கனகரத்தினம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மகளின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"பிள்ளை, பின்னால ஏறு," என்று சொல்லி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

"இப்ப எங்க போறம்?" என்று கேட்டாள் அன்னலட்சுமி. "குசினியில சோறு மூடாமல் கிடக்கு."

லோஜினி செருப்பைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஏறினாள்; கார் படலையைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.